பல்வலி வந்த திமிங்கலம்

'வரும் சனிக்கிழமை: தாத்தா திமிங்கலத்தில் ஏறிப் பள்ளிக்கூடம் போன கதை, நிறைவுப் பகுதி' என்று சிறுவர் நூலகத்துப் பலகையில் எழுதியிருந்தார்கள். அந்தத் தாத்தா நான்தான்.

வாராவாரம் மகளுக்காகக் கதையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போகும் ஓர் அம்மா, "முடிச்சிடாதீங்க ஐயா, இழுத்துக்கிட்டே போங்க" என்று கெஞ்சினாள்.

திமிங்கலத்துக்குப் பல்வலி வரவைத்தேன்.

"அடுத்து பொம்மலாட்டம் வைக்கணும். எப்போதான் முடிப்பீங்க?" நூலகர் பல்லைக் கடித்தார்.

"பல் டாக்டர் அது வாய்க்குள்ள போயிருக்காருங்க. வெளியே வரட்டும்."

அடுத்த சனிக்கிழமை அந்த அம்மா கைப்பேசியை வெளியே எடுக்கவே இல்லை.

"இன்னைக்கு முடிச்சிடலாம், ஐயா."

"பாப்பாவுக்கு அலுத்துப்போச்சா?"

"கதை முடியிறவரைக்கும் என்னை விட்டு எங்கேயும் போகமாட்டேன்னு ஆஸ்பத்திரியில சத்தியம் பண்ணியிருந்தா. நேத்து மீறிட்டா."

திமிங்கலம் என்னைப் பள்ளிக்கூட வாசலில் இறக்கிவிட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அந்த அம்மாவும் தட்டினாள்.