ஹாலை மட்டும் தொடாதீங்க

"ஹால்ல ஒரு ஆணியக்கூட மாத்த வேணாங்க மேடம். இப்ப எப்படி இருக்குதோ அப்படியே இருக்கட்டும்."

போனில் பேசியவர் சிவராமகிருஷ்ணன். சென்னையில் பெரிய பெரிய கார் வைத்திருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு கிளப்பின் செயலாளர். சனிக்கிழமை பத்துக் கார்களில் கிளம்பி, வேப்பூர் வழியாக விருத்தாசலம் வந்து, கோயிலையும் பீங்கான் சூளைகளையும் பார்த்துவிட்டு, ஒரு ராத்திரி தங்கித் திரும்புவதாக ஏற்பாடு.

லாட்ஜ் மேனேஜர் வாசுகி ரிசீவரை இன்னொரு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லீங்க சார், அந்த ஹால்ல ஃபேன் சுத்தாது. பாத்ரூம் கதவுக்குத் தாப்பா கிடையாது. ஜன்னலுக்கு வெளியவே ஜெனரேட்டர். டிரைவருங்க படுக்கிற எடம்தானேன்னு அப்படியே வுட்டுட்டோம். நீங்க வர்றதுக்குள்ள சரி பண்ணி…"

"அதெல்லாம் தெரியும். பின்சீட்டுல வர்ற பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு ஏசி ரூமு. அதுல ஒரு குறை இருக்கக் கூடாது. வண்டி ஓட்டிட்டு வர்ற பத்துப் பேருக்கு அந்த ஹாலு. அதுல ஒண்ணும் சரி பண்ணக் கூடாது."

வாசுகிக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நெய்வேலியில் நல்ல ஹோட்டல்கள் இருக்கும்போது இங்கே ஏன் வருகிறார்கள் என்றும் கேட்டுப் பார்த்தாள். எல்லா இடமும் விசாரித்தாயிற்று, உங்கள் லாட்ஜுக்கு ஈடு இல்லை என்று முடிவாகிவிட்டது என்றார் அவர்.

சந்தோஷப்படுவதா, சந்தேகப்படுவதா? அவள் நிலைமை அப்படி. போன மாதம் ஒரு கல்யாண பார்ட்டி தண்ணீர் வரவில்லை என்று சண்டை போட்டுவிட்டுப் போனதிலிருந்து முதலாளி கோவிந்தசாமி முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த பார்ட்டியும் மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு போனால் மறுநாளிலிருந்து நீ வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார். வாசுகி சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது.

ரூம்களைப் பார்த்துக்கொள்ளும் கொளஞ்சியிடம் விஷயத்தைச் சொன்னாள். அவன் பக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு யோசித்தான்.

"பணக்காரங்க புத்தியப் பாத்தியாக்கா. ஓட்டிட்டு வந்தவன் தூங்கிடக் கூடாதுன்னு காசு குடுத்து ஏற்பாடு பண்றாங்க. மறுநாளு அவன்தானே திரும்ப ஓட்டணும்? தூக்கக் கலக்கத்துல புளியமரத்துல வுட்டான்னா?"

அந்தப் புளியமரம் வாசுகியின் மனதை விட்டுப் போகவில்லை. சொன்னபடி செய்தால் பாவம். செய்யாவிட்டால் வேலை போகும். இரண்டு நாள் குழம்பினாள். கடைசியில் எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஃபேனைச் சுற்ற வைத்தாள். புதுப் பாய் வாங்கிப் போட்டாள். பாத்ரூமுக்குத் தாழ்ப்பாள் வந்தது. ஏசி ரூம்காரர்கள் ஹால் பக்கம் எட்டியா பார்க்கப் போகிறார்கள் என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் கார்கள் வரிசையாக வந்தன. முதல் காரே கேட்டுத் தூணில் உரசிக்கொண்டுதான் உள்ளே நுழைந்தது. பின்சீட்டிலிருந்து இறங்கியவர் ஓடி வந்து கீறலைத் தடவிப் பார்த்தார். முகம் வாடியதே தவிர, ஓட்டியவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. எவ்வளவு தங்கமான மனுசன் என்று வாசுகி வியந்தாள். இவர்களா டிரைவர்களைக் கொடுமைப்படுத்துகிறவர்கள்?

ஓட்டி வந்தவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேராக ஹாலுக்குப் போனார்கள். சற்று நேரத்தில் கொளஞ்சி சிரித்துக்கொண்டே வந்தான்.

"மேல ஒருத்தரு, ரூமுக்குள்ள செருப்பு போட்டுக்கலாமாங்கன்னு என்னையக் கேக்குறாரு. கீழ ஹால்ல ஒருத்தரு சக்கரை இல்லாத காப்பி கேக்குறாரு, இன்னொருத்தருக்குத் தரையில ஒக்கார முடியாதாம், நாற்காலி வேணுமாம். மெட்ராஸ் டிரைவருங்க ரொம்ப சொகுசுக்கா."

கார் வைத்திருப்பவர்கள் இவ்வளவு பணிவாக இருந்து வாசுகி பார்த்ததில்லை.

ஞாயிறு காலை, குறை ஏதும் உண்டா என்று செயலாளரைப் பார்த்துக் கேட்டுவிடலாம் என மாடிக்குப் போனாள். முதல் ரூம் கதவைத் தட்டியதும், உள்ளே இருந்தவர் அவளைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார்.

"சிவராமகிருஷ்ணன் சாருங்களா? அவரு கீழ ஹால்ல இருக்காருங்களே."

ஹாலைப் பார்த்துவிட்டாரா? வாசுகி படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாள்.

ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் கீழே அறுபது வயதுக்காரர் ஒருவர் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். போனில் கேட்ட அதே குரல்.

"இதைச் சரி பண்ணது யாரு?"

"நாந்தாங்க சார். டிரைவருங்க பாவம், ராத்திரி தூங்கினாத்தானே காலைல வண்டி ஓட்ட முடியும்னு… எங்க முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். வேலை போயிடும்."

"டிரைவருங்க மேல ஏசி ரூம்ல நல்லாத்தாம்மா தூங்கினாங்க. இங்க படுத்தது கார்களுக்குச் சொந்தக்காரங்க நாங்க. வருசத்துக்கு ஒரு தடவை நாங்க ஓட்டுவோம், அவங்க பின்னாடி உக்காந்து வருவாங்க" என்றார் சிவராமகிருஷ்ணன், குனிந்து தன் பாயைச் சுருட்டியபடி. "அவங்ககிட்ட, இதுவரைக்கும் நீங்க படுத்ததுலயே ரொம்ப மோசமான எடம் எது, ஒரு ராத்திரி நாங்களும் படுத்துப் பாக்குறோம்னு கேட்டோம்; ஆளுக்கொரு லாட்ஜைச் சொன்னாங்க, கடைசில உங்க ஹாலுதான் முதல்ல வந்துச்சு."