செவ்வாய்க்கிழமைப் பாடம்

"தலையைத் தூக்காதே. பூண்டை உரிச்சுக்கிட்டே பதில் சொல்லு" என்றாள் ரெமி.

"சிரிக்கலாமா?" என்று கேட்டாள் மகள் ஜோனலின்.

"கேலியா பண்றே? வாயை மூடு. வந்துட்டாங்க."

சந்து முனையில் வேன் நின்றது. நகரத்தின் பெரிய பள்ளியிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகள் இறங்கினார்கள். முன்னால் அவர்களுடைய ஆசிரியை மிஸ் ஒகாம்போ.

மணிலாத் துறைமுகத்தை ஒட்டிய இந்தக் குடிசைகளுக்கு அவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை வருவார்கள். ஏழைக் குழந்தை எப்படி வாழ்கிறது என்பது அவர்களுக்குப் பாடம். போகும்போது ஒரு குழந்தைக்குத் தங்கள் பள்ளியில் இலவச இடம் கொடுத்துவிட்டுப் போவார்கள். சீருடை, புத்தகம், மதியச் சோறு எல்லாம் சேர்த்து. இந்த ஆண்டு பட்டியலில் இரண்டே வீடுகள். ரெமி வீடு, எதிர்வீட்டு நெனிட்டா வீடு. இரண்டு வீட்டிலும் பன்னிரண்டு வயதுப் பெண்.

பிள்ளைகள் முதலில் எதிர்வீட்டுக்குள் போனார்கள். உடனே திரும்பினார்கள்.

"அந்தப் பொண்ணே இல்ல மிஸ். ஸ்கூலுக்குப் போயிருக்காளாம்" என்றான் இனிகோ என்ற பையன்.

மிஸ் ஒகாம்போவின் முகம் சுருங்கியது. "சரி, இங்க வந்து உட்காருங்க."

ரெமி மகளைப் பார்த்தாள். இடம் நமக்குத்தான் என்றது அந்தப் பார்வை.

கடையில் வாங்கிய ரொட்டியும் கோலாவும் தயாராக இருந்தன. இரவல் வாங்கிய கண்ணாடிக் கிளாஸ்களை ரெமி தட்டில் வைத்துக் கொண்டுவந்தாள்.

"இதெல்லாம் எதுக்கு?" என்றாள் மிஸ் ஒகாம்போ, குரலைத் தாழ்த்தி. "நீங்க தினம் சாப்பிடறதைக் குடுங்க."

தட்டு உள்ளே போனது. ஆறிய சோறும் ஒரு கருவாடும் வெளியே வந்தன. விருந்தாளிகளுக்கு முன்னால் அதை வைக்க ரெமிக்குக் கை கூசியது.

"ஏழ்மையைப் புத்தகத்துல படிக்க முடியாது" என்றாள் மிஸ் ஒகாம்போ பிள்ளைகளிடம். "கையால தொட்டுப் பாக்கணும். ஆளுக்கு அஞ்சு பூண்டுப் பல் உரிங்க."

பிள்ளைகள் மூட்டையைச் சுற்றி உட்கார்ந்து பூண்டை நகத்தால் குடைந்தார்கள். நகம் பட்ட பல்லை, கூலிக்கு உரிக்கக் கொடுக்கும் ஏஜெண்ட் எடுக்கமாட்டான். இருந்தும் ரெமி சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கண்ணு எரியுது!" என்று கத்தினாள் பியாங்கா என்ற பெண்.

"பூண்டுக் கையால கண்ணைத் தேய்ச்சா எரியாம குளிருமா?" ஜோனலின் ஈரத்துணியை நீட்டினாள். "இந்தா, ஒத்திக்கோ."

"உனக்கு எரியாதா?"

"நாலு வயசுலேர்ந்து உரிக்கிறேன். என்னைப் பாத்தா பூண்டு தானே சட்டையைக் கழட்டிடும்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜோனலினும் சிரித்தாள். ரெமி முறைத்தாள். மகளின் தலை குனிந்தது.

"நீ ஸ்கூலுக்குப் போறதில்லையா?" என்று கேட்டான் இனிகோ.

"போறேனே. கிளாஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்."

"அப்ப இன்னிக்கு லீவா?"

ஜோனலினின் விரல்கள் நின்றன. "இல்ல. இன்னிக்குக் கணக்குப் பரீட்சை. எதிர்வீட்டுப் பொண்ணும் அதுக்குத்தான் போயிருக்கா."

"பரீட்சையை விட்டுட்டா பூண்டு உரிக்கிறே?"

ரெமி மகளின் காலை மிதித்தாள். மிஸ் ஒகாம்போ கைக்கடிகாரத்தைப் பார்த்தாள்.

"போதும். பாத்ததை எல்லாரும் நோட்டுல எழுதிக்குங்க."

கிளம்பும்போது ரெமியும் ஜோனலினும் வேன் வரைக்கும் கூடவே போனார்கள். எதிர்வீட்டு நெனிட்டா தன் வாசலிலேயே நின்றாள்.

"யாருக்கு அந்த இடம்? நீங்களே முடிவு பண்ணுங்க" என்றாள் மிஸ் ஒகாம்போ பிள்ளைகளிடம். "நெனிட்டாவோட பொண்ணுக்குன்னு நினைக்கிறவங்க கை தூக்குங்க."

பதினொரு கைகள் உயர்ந்தன. பியாங்கா ஜோனலினைப் பார்த்தாள். பிறகு அவளும் கையைத் தூக்கினாள்.

"நாங்க வர்றோம்னு தெரிஞ்சும் அந்தப் பொண்ணு பரீட்சை எழுதப் போயிட்டா மிஸ்" என்றான் இனிகோ. "அவளுக்குத்தான் படிப்புல ஆசை. இவ வீட்லயே உட்கார்ந்துட்டா."

"அப்படி இல்லப்பா..." என்று ஆரம்பித்தாள் ரெமி. "மிஸ்..."

மிஸ் ஒகாம்போ பிள்ளைகளின் தலைகளை எண்ணிக்கொண்டிருந்தாள். "பிள்ளைங்க முடிவு. நான் தலையிட மாட்டேன்." வண்டியில் ஏறியபின்தான் ரெமியின் பக்கம் திரும்பினாள். "நீங்க நல்லா ஒத்துழைச்சீங்க. ரொம்ப நன்றி."

வேன் போய்விட்டது. இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ரெமி தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் நகத்தால் கிழித்த பூண்டுகளைத் தனியாகப் பொறுக்கிப் போட்டாள்.

ஜோனலின் உட்காரவில்லை.

"ஏம்மா, 'செவ்வாய்க்கிழமை இவளை ஸ்கூலுக்கு அனுப்பாதீங்க, இவ வேலை செய்யறதை என் பிள்ளைங்க பாக்கணும்'னு அந்த மிஸ்தானே வந்து சொன்னாங்க? நீ ஏன் அதைச் சொல்லல?"

ரெமி நிமிரவில்லை.

"சொன்னா, அடுத்த வருஷம் நம்ம வீட்டுக்கு வருவாங்களா?"