ஜன்னலுக்கு வெளியே பால்

"இங்க ஃப்ரிட்ஜே வேண்டாம்மா. பாலை ஜன்னலுக்கு வெளியே வச்சா ரெண்டு நாளானாலும் கெடாது. அம்புட்டுக் குளிரு!"

சரோஜா காதைத் தீட்டிக்கொண்டாள்.

இருங்காட்டுக்கோட்டை பங்குனி வெயிலில் வறுபட்டுக்கொண்டிருந்தது. அவளுடைய எஸ்.டி.டி. கூண்டுக்குள் வேர்த்து ஒழுக ஒழுக இப்படிக் குளிரில் நடுங்கியவன் பேச்சிராஜ். அவள் வீட்டுப் பின்பக்க ரூமில் குடியிருப்பவன். கார் பார்ட்ஸ் கம்பெனியில் கான்ட்ராக்ட் லேபர். புழுக்கம் தாங்காமல் கூண்டுக் கதவை அரையாகத் திறந்து வைத்திருந்தான்.

"கிளாஸ்கோவுல எல்லாருக்கும் இப்படித்தாம்மா. படிப்பா? நல்லாப் போகுது. சரி, வச்சிருதேன்."

மீட்டரில் இருந்தது கோவில்பட்டி நம்பர்.

சரோஜாவுக்குச் சுரீரென்றது. ஜன்னல், பால், கிளாஸ்கோ அத்தனையும் அவள் மகன் சுபாஷ் எழுதியது! மேல்படிப்புக்குப் போனவன் அந்த ஊரில் இறங்கிய வாரமே போட்ட கடிதம். போன் பேச வருகிறவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டாமல் அவள் விட்டதில்லை. இந்தப் பயல் மட்டும் வாராவாரம் வந்து தானாகவே கேட்பான். இன்றைக்கும் கூண்டுக்குள் போவதற்கு முன் கேட்டானே!

"சுபாஷண்ணன் பேசினாகளாக்கா?"

"பேசாம இன்னா? ஞாயித்துக்கெழமையானா டாண்ணு பேசிடுவான்."

"என்ன சொன்னாக?"

"அதான்... குளிருன்னான்."

அக்கறையில் கேட்கிறான் என்று நினைத்தது எவ்வளவு பெரிய முட்டாள்தனம்!

கூண்டை விட்டு வந்தவனை மறித்தாள்.

"இன்னாடா இது? யார் வூட்டுப் புள்ள கதையை யார்கிட்ட அளந்துகினு இருக்கே?"

பேச்சிராஜ் முகம் வெளிறிப்போனது.

"மெல்லக்கா... நானும் அந்த மாதிரிப் படிப்புக்குத்தான் கிளம்பினேன். மெட்ராஸ்ல ஏஜென்ட் ஏமாத்திட்டான். விசாவே வரலை."

"வரலைன்னா வூட்டைப் பார்க்கப் போறதுதானே?"

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஊரே வந்து மாலை போட்டு அனுப்பிச்சாகக்கா. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுத் திரும்புவேன்?"

"அதுக்குப் பெத்தவகிட்டயே புளுகுவியா? ஏழு மாசமா? நல்லா இருப்பியாடா நீ?"

கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. "அம்மாகிட்ட மட்டும் சொல்லிராதீகக்கா" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு ஷிஃப்டுக்கு ஓடினான்.

சொல்லாமல் விடுவாளா சரோஜா? புளுகுகிறவனைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

ரிசீவரை எடுத்தாள். லைனுக்கு உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அவள் அப்படிப் பார்ப்பது வழக்கம். பிறகு அந்தக் கோவில்பட்டி நம்பரைச் சுழற்றினாள்.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டார்கள்.

"ராசா?"

"ராசாவும் இல்ல, மந்திரியும் இல்ல. பேச்சிராஜோட அம்மாதானே? நான் சரோஜா, இருங்காட்டுக்கோட்டையில இருந்து பேசறேன். ஒங்க புள்ள எந்த ஃபாரினுக்கும் போவலை. எங்க வூட்லதான் குடியிருக்கான். இங்க கம்பெனியில கூலி வேலை செஞ்சிகினு இருக்கான்."

மறுமுனையில் சத்தமே இல்லை.

சரோஜாவுக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது. "கேக்குதா? இன்னாமா, மயக்கம் கியக்கம்..."

"கேக்கு தாயி. இருங்காட்டுக்கோட்டையா? ஊர் பேரு இன்னைக்குத்தான் தெரியுது."

"அப்போ... முன்னாடியே தெரியுமா?"

"மொத வாரமே தெரியும். அவன் பேசையில பின்னால ஒருத்தர் 'பூந்தமல்லி, பூந்தமல்லி'ன்னு கூவுதாரு. வெளிநாட்டுல ஏது பூந்தமல்லி? வாத்தியார்கிட்ட கேட்டேன். மெட்ராசுப் பக்கம்னாரு."

"தெரிஞ்சுமா கேட்டுகினு இருக்கே? நாலு வார்த்தை நறுக்குன்னு கேக்கறதில்ல?"

"கேட்டா, வெக்கப்பட்டுக்கிட்டு போன் பண்றதையும் நிறுத்திருவான் தாயி. பொய்யோ மெய்யோ, வாரம் ஒருக்க அவன் குரலு வருதுல்ல?"

சரோஜா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நேரத்துக்குச் சாப்பிடுதானா தாயி? சின்னதுல இருந்து வெயில் ஆகாது அவனுக்கு. தலை வலிக்கும்."

"சாப்பிடறான்... நான் பாத்துக்கறேன்."

"நான் பேசினேன்னு அவன்கிட்ட சொல்லிராதீக."

"சொல்லலை."

போனை வைக்கப் போனாள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு தாயி. அந்த ஊர்ச் சேதியெல்லாம் அவனுக்கு யாரோ சொல்லித் தாராக. அங்க புள்ளைய அனுப்பி வச்ச ஒரு தாயாத்தான் இருக்கும்."

"எப்படிச் சொல்றே?"

"பாலு கெடலை, சோறு குழைஞ்சுபோச்சு, ரூமுக்குப் போற வழி தெரியாம பெட்டியோட நின்னேன்... இதெல்லாம் ஒரு புள்ள ஆத்தாளுக்குத்தானே எழுதும்? முந்தி வாரத்துக்கு ஒரு புதுச் சேதி சொல்லுவான். பொங்கலுக்கு அப்புறம் ஒண்ணுமில்ல. அந்தப் பாலையேதான் திருப்பித் திருப்பிச் சொல்லுதான்."

சரோஜா ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"பாவம், அந்தத் தாய்க்கு மூணு மாசமா ஒரு போனும் வரலை போலிருக்கு. அவுகளைப் பாத்தா, நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க தாயி."