அம்மாவின் கைக்கடிகாரம்

"அம்மா கீழே விழுந்துவிட்டார்" என்று கைப்பேசி அலறியபோது அவன் அலுவலகக் கூட்டத்தில் இருந்தான். பக்கவாதத்தில் பேச்சும் ஒரு பக்கமும் போய்விட்ட அம்மாவின் நல்ல கையில், அவன்தான் அந்தக் கடிகாரத்தைக் கட்டிவிட்டிருந்தான். அம்மா விழும் அதிர்வை அது உணர்ந்தால், அவன் எந்த ஊரில் இருந்தாலும் செய்தி வந்துவிடும்.

வெளியே ஓடிவந்து அக்காவை அழைத்தான். கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று அம்மாவே கதியாகக் கிடப்பவள் அவள். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அதற்குள் மறுபடியும் அதே செய்தி. இன்னொரு முறையும்.

"அம்மாவைத் தனியா விட்டுட்டு எங்கதான் போய்த் தொலைஞ்சா?" என்று பல்லைக் கடித்தபடி அம்மாவின் எதிர்வீட்டுத் தையல்காரரைக் கைப்பேசியில் பிடித்தான்.

"அண்ணே, கொஞ்சம் ஓடிப் பாருங்க. பூட்டியிருந்தா கதவை உடைச்சிடுங்க!"

கதவு உடையும் சத்தம் கைப்பேசியில் கேட்டது. பிறகு மூச்சிரைக்கும் குரல்.

"தம்பி, அம்மா விழலை. கட்டில்லதான் இருக்காங்க."

அவனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா! அப்ப கடிகாரம்தான் கோளாறா?"

"இல்ல தம்பி. கட்டில் கம்பியில கையை ஓங்கி ஓங்கி அடிச்சிட்டிருக்காங்க. கண்ணாடி நொறுங்கி, கையெல்லாம் ரத்தம். புடிச்சாலும் நிறுத்த மாட்டேங்கறாங்க."

"ஐயோ, எதுக்கு? அக்கா எங்க?"



"அம்மா கண்ணு முன்னாலதான் தம்பி. சமையலறை வாசல்ல விழுந்து கிடக்குது. மூக்குல விரல் வெச்சுப் பார்த்துட்டேன்... மூச்சு இல்ல."