கோல் வந்திச்சா?

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்கு இப்பால் பஸ் நின்றுபோனபோது, கண்டி மைதானத்தில் உதைபந்தாட்ட இறுதிப்போட்டி தொடங்கிவிட்டிருந்தது.

தியாகராஜா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். முன்னால் லொறி. அதற்கு முன்னால் இன்னொரு லொறி. அதற்கும் முன்னால் பூ ஒட்டிய கலியாணக் கார். தேயிலைத் தோட்டத்துத் துரை லீவு தர இழுத்தடித்திராவிட்டால் மடுல்கெல்லையிலிருந்து முதல் பஸ்ஸையே பிடித்திருப்பார்.

ஜெயிப்பதைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மகன் ஜெயராஜின் கல்லூரி அணியை இந்த வருடம் யாராலும் அசைக்க முடியவில்லை. நொக்அவுட் சுற்றில் எதிரே வந்தவர்களெல்லாம் தங்கள் வலைக்குள் கிடந்த பந்தைக் குனிந்து குனிந்து எடுத்தே இடுப்பொடிந்து போனார்கள். அரையிறுதியில் ஏழு கோல். அதில் பாதிக்கு மேல் ஜெயராஜ் போட்டது. இன்றைக்கு அவனைப் பார்க்கவென்றே கொழும்புக் கிளப் ஒன்றிலிருந்து ஆள் வந்திருப்பதாகப் பேச்சு.

இதையெல்லாம் கேட்டுப் பூரிக்க வேண்டியவள் குவைத்தில் இருந்தாள். இருக்கிறாளா என்பதே இப்போது கேள்வி.

தீபாவளிக்குப் பிறகு மனைவி சந்திரிகாவிடமிருந்து ஒரு ஃபோன் கோல் இல்லை. ஏஜென்சிக்காரனுக்கு 'மெடம் நல்லவங்க' என்பதைத் தவிர வேறு பாட்டுத் தெரியாது. வேலைக்குப் போன வீட்டில் அவளுடைய ஃபோனைப் பறித்து வைத்திருப்பார்கள் என்று தோட்டத்தில் சொன்னார்கள். தியாகராஜா அதையே நம்பினார். சில நாட்களாக நம்புவதும் அலுத்துப் போயிருந்தது.

அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரே ஒரு ஃபோன் இலக்கம்தான், அவளுடைய சொந்தப் பழைய இலக்கம். அந்த ஃபோனை மகனிடம் கொடுத்துவிட்டுத்தான் விமானம் ஏறினாள். கண்டி விடுதியில் தங்கிப் படிக்கும் அவன், குளிக்கும்போதுகூட அதைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பான். ஆட இறங்கும் நேரம் மட்டும் அது பயிற்சியாளர் பளீல் ஸேரின் சட்டைப்பையில் இருக்கும்.

தியாகராஜா ஸேருக்கு ஃபோன் எடுத்துப் பார்த்தார். பப்பரே வாத்தியமும் கூச்சலும்தான் கேட்டன. வட்ஸ்அப்பில் மெதுவாகத் தட்டினார்.

'கோல் வந்திச்சா ஸேர்?'

பதில் உடனே வந்தது. 'வந்தது.'

'நமக்கா?'

'உங்களுக்குத்தான்.'

தியாகராஜாவுக்குக் குழப்பமாகிவிட்டது. ஸேரும் நம்ம பக்கம்தானே, 'நமக்குத்தான்' என்றல்லவா சொல்லவேண்டும்? கொஞ்சம் யோசித்ததும் பிடிபட்டது. போட்டது ஜெயராஜ்! பெற்றவருக்கு மரியாதை செய்கிறார். பளீல் ஸேர் அப்படிப்பட்ட மனிதர்தான், என்ன, வார்த்தைக்கு மட்டும் கஞ்சன்.

மகன் கோல் போட்டுவிட்டான் என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பஸ் கைதட்டியது. மடவளையில் ஏறிப் பக்கத்து சீட்டில் இருந்த சகீனா, மடியிலிருந்த மரக்கறிப் பையைக் கீழே வைத்துவிட்டுத் தட்டினாள். அவளுடைய மகனும் மைதானத்தில்தான் இருந்தான், கொடி பிடிக்கிற கூட்டத்தில்.

ஃபோன் மறுபடி சிணுங்கியது.

'மகனை வெளியே எடுக்கவா? பிறகு உள்ளே விட ஏலாது.'

தியாகராஜா இரண்டு தடவை வாசித்தார். கோல் போட்டவனை யாராவது வெளியே எடுப்பார்களா? காலில் அடியா? அடி என்றால் எடுத்துவிட்டுத்தானே சொல்வார்கள், பஸ்ஸில் கிடக்கிற என்னிடம் எதற்கு அனுமதி? ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததைப் பக்கத்தில் இருந்தவளிடம் காட்டினார்.

"வெளிய எடுக்க உடவாணாம் தம்பி" என்றாள் சகீனா, பத்துப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள் மாதிரி. "கொழும்பால ஆள் வந்தீக்கிற நேரத்துல புள்ளய ஒக்கார வெச்சா மனசு ஒடஞ்சி போகும்."

அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

'வேணாம் ஸேர். விளையாடட்டும்.'

பிறகு ஒற்றைச் சொல் வந்தது.

'நிச்சயமா?'

இந்த மனுஷனுக்கு இன்று என்ன ஆயிற்று? தியாகராஜாவுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. போகும்போது சந்திரிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னது ஒன்றே ஒன்றுதான்: என்ன நடந்தாலும் புள்ளையின் ஆட்டத்தை நிறுத்தாதீங்க.

'நிச்சயமா ஸேர். அவன் அம்மாவும் அதத்தான் சொல்லுவா.'

லொறி ஒரு முழம் நகர்ந்தது. பஸ்ஸும் ஒரு முழம் நகர்ந்து நின்றது.

'சரி. அவங்களுக்குச் சொல்லிட்டேன். வச்சிட்டாங்க.'

எவங்க? என்னத்தை வச்சாங்க? கொழும்புக்காரர்கள் அவனைத் தங்கள் அணிக்கு வைத்துக்கொண்டார்களா? ஆட்டம் முடியுமுன்பேவா? நல்ல செய்திதான் போலிருந்தது. இருந்தும் இதை ஏனோ பஸ்ஸுக்குச் சொல்லத் தோன்றவில்லை.

அப்போது சகீனாவின் ஃபோன் அலறியது. அவளுடைய மகன். ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டவள், வைத்துவிட்டு இவரை ஒருமாதிரிப் பார்த்தாள்.

"இன்னம் ஒத்தரும் கோல் போடல்லயாமே தம்பி. சைபருக்கு சைபராம்."

தியாகராஜா சிரித்தார். அவளுடைய மகன் கொடி பிடிக்கிற மும்முரத்தில் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. நம்பாவிட்டால் இதோ, ஸேரே எழுதியிருக்கிறார் என்று ஃபோனை எடுத்து, அவளுக்குக் கேட்கும்படி முதலிலிருந்து வாசிக்கத் தொடங்கினார்.

'உங்களுக்குத்தான்' என்ற இடத்தில் நிறுத்திவிட்டு, சந்திரிகாவின் பழைய இலக்கத்தை அழுத்தினார்.