உட்கார்ந்து பார்க்கிற வேலை

முகவாயைக் கண் பரிசோதிக்கிற கருவியின் தாங்கலில் வைத்தபடியே பொய் சொன்னான்.

வாட்ச்மேன் வேலைங்க. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான்.

பக்கத்து நாற்காலியில் சடச்சி கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். இருபது வருடமாக அவன் கட்டுகிற சுவருக்குக் கலவை சுமந்தவள். கொத்தனாருக்குப் பெண்டாட்டி, சித்தாள், ரெண்டும் அவள்தான். பொய் சொல்லி வைத்தியம் பார்த்தால் மருந்து கேட்குமா என்று பஸ்ஸில் வரும்போதே ஒரு தடவை கேட்டாள். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

டாக்டரம்மாவுக்குச் சின்ன வயது. அவன் கண்ணைத் தவிர வேறு எதையும் அவர் பார்க்கவில்லை.

போன மாதம் இதே ஆஸ்பத்திரி பெஞ்சில் இருளப்பன் என்று ஒரு லோடுமேன் பக்கத்தில் இருந்தான். மூட்டை தூக்குகிறேன் என்று உள்ளதைச் சொன்னானாம். இனிமேல் தூக்காதே என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அந்தச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாகவே இருந்தான்.

அன்றைக்கே இவன் முடிவு பண்ணிவிட்டான்.

டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். கருவிழி மெலிந்து முன்னால் பிதுங்கியிருக்கிறதாம். பம்பரம் மாதிரி. மூக்குக்கண்ணாடி அதற்குச் சரிப்படாது. மருந்து விட்டு, வெளிச்சம் காட்டி, கருவிழியை இறுக்குகிற வைத்தியம் ஒன்று உண்டு. அது பிதுக்கம் வளர்கிற வயசுக்காரர்களுக்கு. நாற்பத்தேழு வயதில் அது வளர்ந்து முடிந்துவிட்டது.

இத்தனை வருடம் எங்கே போனீர்கள் என்று கேட்டார்.



முப்பத்தெட்டு வயதில் சாயங்காலப் பள்ளியில் எழுத்துக் கற்றான். ஒவ்வொரு எழுத்துக்குப் பின்னாலும் இன்னொன்று நின்றது. பிந்திப் படிக்கிறவனுக்கு எழுத்து இப்படித்தான் தெரியும் போல என்று இருந்துவிட்டான். வாத்தியாரும் போகப் போகச் சரியாகும் என்றார்.

போகப் போகத் தூக்குக்குண்டின் நூலும் இரண்டாயிற்று.

சுவர் நேராக ஏறுகிறதா என்று அந்த நூலைத்தான் பார்க்க வேண்டும். எது நூல், எது நிழல் என்று பிடிபடாது. கலவைச் சட்டியைக் கைமாற்றும்போது சடச்சி மெல்ல, இடது என்பாள். இல்லையென்றால், வலது. மேஸ்திரி காதில் விழாது.

ஆறு வருடம் அப்படி ஓடியது.

ஒரு துக்கத்துக்கு அவள் ஊருக்குப் போன அன்று அவன் நிழலை நம்பிக் கட்டிவிட்டான். இன்ஜினியர் வந்து பார்த்தார். ஒரு உதையில் சுவர் போய்விட்டது. செங்கல் சரிந்த இடத்தில் சற்று முன்புதான் ஒருத்தி உட்கார்ந்து சோறு தின்றாள். அதற்குப் பிறகு அவனைக் காணும்போதெல்லாம், வாய்யா ரெட்டைக் கொத்தனாரே என்றார்கள். அவனும் கூடச் சிரித்தான்.

வழி இரண்டு என்றார் டாக்டரம்மா.

ஒன்று, செத்துப்போன யாரோ கொடுத்த கருவிழியை வைத்துத் தைப்பது. தையல் ஒரு வருடமாவது இருக்கும். கனம் தூக்கக் கூடாது. அடி பட்டால் பிரிந்துவிடும்.

இன்னொன்று, கெட்டி லென்ஸ். காலையில் கண்ணில் போட்டு ராத்திரி கழற்றிவிடுவது. புழுதிதான் அதற்கு எமன். உள்ளே புகுந்து அராவினால் கண் புண்ணாகி, இருக்கிற பார்வையும் போகும்.

“நீங்க உக்காந்து பாக்குற வேலைதான? அப்ப எதுக்கு ஆபரேசன்? லென்சே போதும்.”

டாக்டரம்மாவின் குரலில் சந்தோஷம் இருந்தது.

தன் பொய் தன்னை எங்கே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறது என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. உள்ளதைச் சொன்னால், கொத்தனார் வேலைக்கு இரண்டும் ஆகாது என்பார்கள். சொல்லாவிட்டால் அந்த லென்சோடு சாரம் ஏற வேண்டும். கீழே மணல் சலிப்பார்கள். சிமெண்டு மூட்டையைக் கிழிப்பார்கள். மூன்றாவது மாடியில் காற்று சும்மா இருக்காது.

வாயைத் திறப்பதற்குள் சொட்டு மருந்து விழுந்தது. இமையை விரித்துப் பிடித்து இரண்டு கண்ணிலும் லென்சை வைத்துவிட்டார்.

உறுத்தியது. கண்ணீர் கொட்டியது. துடைத்தான்.

பிறகு நிமிர்ந்தான்.

எதிர்ச் சுவரில் எழுத்துப் பலகை. ஒவ்வொரு எழுத்தும் தனியாக நின்றது. பின்னால் யாரும் இல்லை.

அவன் படிக்கவில்லை. பலகையைத் தாண்டிப் பார்த்தான். ஜன்னல் ஓரத்தில் பூச்சு அலை அலையாக இருந்தது. எவனோ மட்டக்கோலை ஒழுங்காக இழுக்கவில்லை.

இதை நான் பூசியிருந்தால் என்று நினைத்தான். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

எப்படித் தெரிகிறது என்று டாக்டரம்மா கேட்டார். நல்லாத் தெரிகிறது என்றான். மறுபடி சொன்னான்.

அவர் சீட்டு எழுத ஆரம்பித்தார். இப்படிக் கழற்ற வேண்டும், இப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொண்டே எழுதினார். நீங்கள் ரொம்பக் கண்ணைச் சிமிட்டுகிறீர்கள், உங்களுக்கே போட வராது, முதல் ஒரு மாதம் வீட்டில்தான் போட்டுவிட வேண்டும் என்றார்.

சடச்சி பக்கம் திரும்பினார்.

“அம்மா, உங்க கையக் காட்டுங்க. நகம், விரலெல்லாம் பாக்கணும்.”

அவள் காட்டவில்லை.

கை முந்தானைக்குள் இருந்தது. சிமெண்டு தின்ற விரல்கள். எந்தச் சோப்புக்கும் போகாத சாம்பல், வெடிப்புக்கு வெடிப்பு ஏறியிருக்கும். பார்த்தால் போதும், என்ன வேலை என்று கேட்கத் தேவையில்லை.

அவள் அவனைப் பார்த்தாள்.

காட்டட்டுமா, வேண்டாமா என்று கண்ணாலேயே கேட்டாள். அவள் வாய் திறக்காமல் கேட்பது எத்தனையோ வருடம் கழித்து அவனுக்குத் தெரிந்தது.

டாக்டரம்மாவின் பேனா சீட்டில் நின்றிருந்தது.

அவன் இன்னும் கொஞ்சம் பார்த்தான். அவளுக்கு ஒரு முகம்தான் இருந்தது.

“காட்டு புள்ள,” என்றான்.