மூன்றாவது ஒலி

ஞானசீலன் வாலிபத்தில் ஒரு கணினி விளையாட்டுக்கு இசை எழுதியிருந்தார். அந்தக் காலத்து இயந்திரத்தில் ஒரே சமயத்தில் மூன்று ஒலிகள்தான் வரும். விண்கலம் சுடும்போதெல்லாம் குண்டுச் சத்தத்துக்கு வழிவிட்டு மூன்றாவது ஒலி நின்றுவிடும். அவர் மனைவி அமலியோ விடாமல் சுடுகிறவள். "உங்க மியூசிக் ஒரே பொத்தலா இருக்குங்க" என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகள் புது விளையாட்டுப் பெட்டி ஒன்று அனுப்பியிருந்தாள். பழைய விளையாட்டின் இசையை, எழுதியவர் மனதுக்குள் எப்படிக் கேட்டாரோ அப்படியே அது வாசிக்குமாம்.

அமலி விளையாட உட்கார்ந்தாள். கீச்சென்றிருந்த முதல் ஒலி வயலினாக எழுந்து அறையை நிறைத்தது. இரண்டாவது, தபேலாவானது. மூன்றாவதாக ஒரு பெண்ணின் மெல்லிய முணுமுணுப்பு வந்தது. அவள் சுடும்போதெல்லாம் அது பழையபடி நின்று நின்று வந்தது.

"யாருங்க அந்தப் பொண்ணு?"

"பெரம்பூர் வீட்டு மொட்டை மாடியில துணி காயப்போடும்போது நீ முணுமுணுப்பியே, அதைத்தான் எழுதினேன்."

"நான் பாடி யாருமே கேட்டதில்லையே!"

"நான் மாடிப்படியில உக்காந்திருப்பேன்."

கல்யாணமான புதிதில் இருந்த அமலி பெட்டிக்குள்ளிருந்து பாடிக்கொண்டிருந்தாள். மூச்சு எடுக்கும் இடம்கூட அவளுடையதுதான்.

திரை முழுக்க எதிரிக் கலங்கள் இறங்கி வந்தன. அமலி சுடும் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள்.